வயோமிங்கில் பதிந்தால் கலிபோர்னியா வரி இல்லையா? (சிறு எல்எல்சி, ஃபெடரல் வரி, மாநில வரி)

2025 ஜனவரி 18

சன்னிவேலில் வசிக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்கு இணையதளம் வடிவமைத்துத் தருகிறேன். சென்ற ஆண்டு செலவு போக ஏறத்தாழ 40,000 டாலர் மிஞ்சியது. கலிபோர்னியாவில் எல்எல்சி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) வைத்தால் ஆண்டுக்கு 800 டாலர் கட்ட வேண்டும் என்கிறார்கள். வயோமிங் மாநிலத்தில் வருமான வரியே கிடையாது. அங்கே எல்எல்சியைப் பதிந்துவிட்டால் 800 டாலரும் மிஞ்சும், மாநில வருமான வரியும் மிஞ்சும், ஃபெடரல் (மத்திய அரசு) வரியும் குறையும் அல்லவா?"

மூன்றுமே நடக்காது. இதே எண்ணத்தோடு 2018இல் நானும் என் கணவரும் ஒரு தவறு செய்தோம் என்பதால் விரிவாக எழுதுகிறேன். நாங்கள் ஃப்ரீமான்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எல்எல்சி என்பது மாநிலச் சட்டம் பெற்ற பிள்ளை. ஃபெடரல் வரிச் சட்டத்தில் எல்எல்சி என்றொரு வரிப் பிரிவே இல்லை. ஒரே உரிமையாளர் என்றால், நீங்களாக வேறு தேர்வு செய்யாதவரை, மத்திய அரசின் வரித்துறையான ஐஆர்எஸ் அந்த எல்எல்சியைக் கண்டுகொள்ளாமல் நேரே உங்களைப் பார்க்கும். உங்கள் தனிநபர் வருமான வரிக்கான 1040 படிவத்தோடு ஷெட்யூல் சி இணைப்பில் வரவு செலவை எழுதிவிடுவீர்கள். எல்எல்சி இல்லாமல் தனி ஆளாக இதே தொழிலைச் செய்திருந்தாலும் இதே இணைப்பு, இதே தொகை. எனவே எல்எல்சி தொடங்கியதால் மட்டும் ஃபெடரல் வரி ஒரு சென்ட் கூடக் குறையாது. இருவர் உரிமையாளர் என்றால் அது கூட்டாண்மை. கூட்டாண்மைக்கான 1065 படிவம் தாக்கல் செய்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கைக் காட்டும் கே-1 தர வேண்டும்.

மாநிலம் அப்படியல்ல. மாநிலம் எல்எல்சியை உங்களிலிருந்து வேறான ஓர் ஆளாகவே பார்க்கிறது, அதனிடமே கை நீட்டுகிறது.

2025 ஜனவரி 19

ஐஆர்எஸ் தரும் இஐஎன் என்ற தொழில் அடையாள எண்ணுக்குக் கட்டணம் கிடையாது. ஐஆர்எஸ் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்தால் அன்றே கிடைக்கும். அதற்கு 150, 200 டாலர் கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். அதேபோல, எல்எல்சி பதிந்த சில வாரங்களில் அரசு முத்திரை போன்ற ஒன்றைத் தாங்கிய கடிதங்கள் வரத் தொடங்கும். மாநிலத்துக்குத் தர வேண்டிய நிறுவனத் தகவல் அறிக்கையைத் தாக்கல் செய்து தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்பார்கள். கலிபோர்னியாவில் அந்த அறிக்கைக்கான உண்மையான கட்டணம் 20 டாலர், அதுவும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை.

2025 ஜனவரி 26

எங்கள் கதையைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள்.

2018இல், தொழில் ஆலோசனை தருவதாகச் சொன்ன ஒருவர் பேச்சைக் கேட்டு டெலவேரில் எல்எல்சி பதிந்தோம். டெலவேருக்கு ஒரு முறை கூட நாங்கள் போனதில்லை. அரிசி ஊறியதும், உளுந்து பொங்கப் பொங்க அரைபட்டதும், டப்பாவில் அடைத்து மூடி ஒட்டியதும் எல்லாம் ஃப்ரீமான்டில் வாடகைக்கு எடுத்த சமையல்கூடத்தில். வங்கிக் கணக்கு இங்கே, வாடிக்கையாளர் இங்கே, முடிவெடுக்கும் நாங்கள் இருவரும் இங்கே. ஆனாலும் காகிதத்தில் டெலவேர் என்று இருந்ததால் கலிபோர்னியாவுக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று மனமார நம்பினோம்.

2021இல் மாநில வரித்துறைக் கடிதம் வந்தது. வருமானத்தைத் தேடித் தொழில் நடவடிக்கை எதையாவது கலிபோர்னியாவுக்குள் செய்தாலே அந்த நிறுவனம் இங்கே தொழில் செய்வதாகச் சட்டம் கொள்கிறது. எங்கே பதிந்தது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. 2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் தலா 800 டாலர், அதன்மேல் அபராதம், அதன்மேல் வட்டி. அதற்குமேல் கலிபோர்னியாவில் வெளிமாநில நிறுவனமாகப் பதியும் கட்டணம். டெலவேருக்கோ ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1க்குள் 300 டாலர் கட்டிக்கொண்டே இருந்தோம். ஆக, 800 டாலரைத் தவிர்க்கப் போய் ஆண்டுக்கு 1,100 டாலருக்கு மேல் செலவு என்றானது. பிறகு டெலவேர் பதிவை ரத்து செய்யவும் தனிக் கட்டணம் கட்டினோம்.

வயோமிங்கிலும் இதுவே கதை. அங்கே ஆண்டுக் கட்டணம் குறைந்தபட்சம் 60 டாலர்தான் என்பது உண்மை. ஆனால் சன்னிவேல் வீட்டு மேசையில் உட்கார்ந்து நீங்கள் வேலை செய்யும்வரை அந்த 60, கலிபோர்னியாவின் 800க்கு மேல் கூடுதலாகச் சேருமே தவிர அதற்கு மாற்றாகாது. மாநில வருமான வரியும் அப்படித்தான். நீங்கள் கலிபோர்னியாவில் குடியிருப்பவர். உங்கள் எல்எல்சியின் லாபம் உங்கள் லாபம். அது எந்த மாநிலக் காகிதத்தின் வழியாக வந்தாலும் இங்கே மாநில வருமான வரிக்கான 540 படிவத்தில் எழுதியே ஆக வேண்டும்.

2025 ஜனவரி 28

"முதல் ஆண்டுக்கு 800 டாலர் விலக்கு உண்டே" என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். இருந்தது. 2021 முதல் 2023 முடியப் பதிந்த எல்எல்சிகளுக்கு மட்டும் முதல் ஆண்டு விலக்கு தந்தார்கள். 2024இலிருந்து அது இல்லை. இன்று பதிந்தால், நீங்கள் பதிந்த மாதத்தையும் சேர்த்து எண்ணி, நான்காவது மாதத்தின் 15ஆம் தேதிக்குள் 3522 படிவத்தோடு 800 டாலரைக் கட்டிவிட வேண்டும். லாபம் வந்ததா, நட்டமா, ஒரு வாடிக்கையாளராவது வந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அவசரமாகப் பதிபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்கு 800, ஜனவரி பிறந்ததும் புதிய ஆண்டுக்கு இன்னொரு 800. தொழில் தொடங்கவில்லை என்றால் ஜனவரி வரை பொறுத்திருங்கள்.

2025 பிப்ரவரி 9

ஃபெடரல் கணக்கை எண்களோடு கேட்டிருக்கிறீர்கள். உங்கள் 40,000 டாலரையே எடுத்துக்கொள்கிறேன்.

சம்பளக்காரராக இருந்தபோது உங்கள் சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 விழுக்காடும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 விழுக்காடும் பிடித்திருப்பார்கள். அதே அளவை முதலாளியும் தன் பங்காகக் கட்டியிருப்பார், அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. இப்போது முதலாளியும் நீங்களே, தொழிலாளியும் நீங்களே என்பதால் இரு பங்கையும் சேர்த்து 15.3 விழுக்காடு. இதன் பெயர் சுயதொழில் வரி. முதலாளி பங்கான 7.65 விழுக்காட்டை விலக்க லாபத்தை 0.9235ஆல் பெருக்கினால் 36,940; அதில் 15.3 விழுக்காடு 5,652 டாலர். இது வருமான வரி அல்ல, வருமான வரிக்கு மேல் வருவது. முதல் ஆண்டு கணக்கு முடிக்கும்போது பெரும்பாலோர் அதிர்ந்துபோவது இந்த வரியைப் பார்த்துத்தான். வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு வரி விலக்கும் நிலையான கழிவு இருப்பதால் வருமான வரி அதிகம் வராது என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் சுயதொழில் வரிக்கு அந்தக் கழிவு கிடையாது. நிகரமாக 400 டாலர் ஈட்டினாலே அது தொடங்கிவிடும்.

இரண்டு ஆறுதல்கள் உண்டு. சுயதொழில் வரியில் பாதியை, அதாவது 2,826 டாலரை, மொத்த வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மீதமுள்ள 37,174 டாலரில் 20 விழுக்காட்டை, அதாவது அதிகபட்சம் ஏறத்தாழ 7,435 டாலரை, தகுதிபெற்ற தொழில் வருமானக் கழிவு என்ற பெயரில் ஃபெடரல் வருமான வரிக் கணக்கில் மேலும் கழிக்கலாம்; நிலையான கழிவு போக வரிக்குரிய வருமானம் 37,174 டாலரைவிடக் குறைவு என்றால், அந்தக் குறைந்த தொகையில் 20 விழுக்காடு மட்டுமே. 2017ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்தக் கழிவு 2025 முடிவோடு காலாவதியாகிறது. கலிபோர்னியா இந்த 20 விழுக்காட்டை ஏற்கவே இல்லை. ஃபெடரல் படிவத்தின் எண்ணை அப்படியே மாநிலப் படிவத்துக்கு இறக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

2025 பிப்ரவரி 11

ஜனவரி 18 குறிப்பில் ஒரு திருத்தம். இருவர் உரிமையாளர் என்றால் 1065 என்று எழுதினேன். பொது விதி அதுதான். ஆனால் கணவனும் மனைவியும் மட்டுமே உரிமையாளர்களாக இருந்து, அவர்கள் வாழ்வது கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா போன்ற, மணவாழ்வில் ஈட்டியது இருவருக்கும் பொது என்னும் பொதுச்சொத்துச் சட்டமுள்ள ஒன்பது மாநிலங்களில் ஒன்றாகவும் இருந்தால், அந்த எல்எல்சியைக் கூட்டாண்மையாகக் கொள்ளாமல் ஒரே உரிமையாளர் நிறுவனம்போல நடத்த ஐஆர்எஸ் 2002இலேயே அனுமதித்திருக்கிறது. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். நியூ ஜெர்சியிலோ இலினாயிலோ இருக்கும் தம்பதிக்கு இந்த வழி இல்லை.

இதில் எனக்கு நேர்ந்த ஒரு பெரிய இழப்பு உண்டு. அதைப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

2025 மார்ச் 2

கலிபோர்னியாவின் இரண்டாவது கட்டணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கேட்காமல் இருப்பதே ஆபத்து என்பதால் எழுதுகிறேன். 800 டாலரோடு முடிந்துவிடுவதில்லை. எல்எல்சியின் மொத்த வரவு 250,000 டாலரைத் தொட்டால் 900, 500,000 டாலரைத் தொட்டால் 2,500, பத்து லட்சத்தைத் தொட்டால் 6,000 டாலர் என்று கட்டணம் ஏறும். இது லாபத்தின் மேல் அல்ல, வரவின் மேல் போடுவது. உங்களைப் போல் மடிக்கணினியும் மூளையுமே முதலாக உள்ளவருக்கு 250,000 டாலர் வரவு என்பது பெரிய வருமானம். எங்களைப் போல் அரிசி, உளுந்து, டப்பா, சமையல்கூட வாடகை, குளிர்பெட்டி வண்டி, இரண்டு பேர் சம்பளம் என்று கொடுத்துவிட்டுச் சில ஆயிரம் மிஞ்சுபவர்களுக்கு அது வெறும் விற்பனை எண். எங்கள் விற்பனை முதன்முறை 262,000 டாலரைத் தொட்ட ஆண்டில் லாபம் முந்தைய ஆண்டைவிடக் குறைவு, ஏனெனில் உளுந்து விலை ஏறியிருந்தது. ஆனாலும் 900 டாலர் கட்டினோம். இந்தக் கட்டணத்தை அந்தந்த ஆண்டு ஜூன் 15க்குள் உத்தேசமாகக் கணித்து 3536 படிவத்தோடு அனுப்ப வேண்டும். சிறு உற்பத்தியாளர்களுக்கு இது நியாயமற்றது என்பதே என் கருத்து.

எஸ் கார்ப்பரேஷனாக (லாபம் உரிமையாளரின் சொந்த வரிக் கணக்குக்குப் போகும் நிறுவன வகை) வரி கட்டத் தேர்வு செய்தால் இந்தக் கட்டணம் பொருந்தாது. அதற்குப் பதில் கலிபோர்னியா நிகர லாபத்தில் 1.5 விழுக்காடு கேட்கும், குறைந்தபட்சம் அதே 800. ஃபெடரல் பக்கம், உங்களுக்கு நீங்களே நியாயமான சம்பளம் எழுதிக்கொண்டு, மீதி லாபத்தைச் சுயதொழில் வரி இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். கேட்க இனிக்கும். ஆனால் சம்பள வரிகளுக்காகக் காலாண்டுக்கு ஒரு 941 படிவம், ஆண்டுக்கு ஒரு 940, மாநில வேலைவாய்ப்புத் துறைக்குத் தனி அறிக்கைகள், 1120-எஸ் என்ற தனி வரிப்படிவம், அதைத் தயாரிப்பவருக்குக் கூலி ஆகிய எல்லாம் வரும். 40,000 டாலர் லாபத்தில் நியாயமான சம்பளம் போக மிஞ்சுவது மிகக் குறைவு. உங்கள் நிலையில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

2025 மார்ச் 13

1065 தாக்கல் செய்ய வேண்டியவர்களுக்கு: மார்ச் 15 இவ்வாண்டு சனிக்கிழமை என்பதால் திங்கள் 17 வரை நேரம் உண்டு. தாமதமானால் ஒவ்வோர் உரிமையாளருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 245 டாலர் அபராதம், வரி ஒன்றும் கட்ட வேண்டியிராவிட்டாலும். முடியவில்லை என்றால் அவகாசம் கேட்கும் 7004 படிவத்தை அன்றைக்குள் அனுப்பினால் ஆறு மாதம் அவகாசம் தானாகக் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை.

2025 ஏப்ரல் 6

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் பணம் பெற வசதியாக வயோமிங்கில் தனி ஆளாக எல்எல்சி வைத்திருக்கிறார். வேலை முழுவதையும் கோவையிலிருந்தே செய்கிறார்; அமெரிக்காவுக்கு வந்ததே இல்லை; ஆகவே இங்கே எந்தப் படிவமும் தேவையில்லை என்று பதிவு செய்துகொடுத்தவர்கள் சொன்னார்களாம்.

தம்பி, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். உழைப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் அந்த வருமானம் பிறக்கிறது என்பது பொது விதி. ஆகவே நீங்கள் சொல்வதுபோல் இங்கே வருமான வரி வராமல் இருக்கலாம். ஆனால் வெளிநாட்டவர் ஒருவர் முழு உரிமையாளராக உள்ள எல்எல்சி, தனக்கும் உரிமையாளருக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கலை 5472 படிவத்தில் எழுதி, மேலட்டையாக, கார்ப்பரேஷன் வரிக்கான 1120 படிவத்தின் முதல் பக்கத்தை வைத்து, ஏப்ரல் 15க்குள் அனுப்ப வேண்டும். எல்எல்சி தொடங்க நீங்கள் போட்ட முதல் நூறு டாலரும், உங்கள் கணக்குக்கு நீங்கள் எடுத்த பணமும் அந்தக் கொடுக்கல் வாங்கலில் அடங்கும். அனுப்பத் தவறினால் அபராதம் 25,000 டாலர். ஒன்பது நாள் இருக்கிறது. 7004 போட்டால் இதற்கும் அவகாசம் கிடைக்கும். உங்கள் இந்திய வருமான வரிக் கணக்கிலும் இந்த வருமானத்தையும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் இந்த எல்எல்சியையும் காட்ட வேண்டும். அதற்கு ஊரிலுள்ள ஆடிட்டரை இன்றே பாருங்கள்.

2025 மே 4

ஆஸ்டினுக்குக் குடிபெயர்ந்த ஒரு தோழி, டெக்சாஸில் வரியே இல்லை என்று எழுதச் சொல்கிறார். தனிநபர் வருமான வரி இல்லை, உண்மை. ஆனால் அங்கே நிறுவனங்கள் மேல் போடும் பிராஞ்சைஸ் வரி உண்டு. இவ்வாண்டு 24 லட்சத்து 70 ஆயிரம் டாலர் வரவு வரை அதில் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. அப்படி இருந்தும் மே 15க்குள் நிறுவனத் தகவல் அறிக்கை ஒன்றைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தவறினால் மாநிலம் எல்எல்சியின் தொழில் உரிமையையே பறிக்கலாம். வரி இல்லை என்பதைப் படிவமும் இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்த நிலைக்குப் போய்விடாதீர்கள்.

இன்னொன்று. கோயில் விழாவில் கடை போட எண்ணுபவர்களுக்கு: கலிபோர்னியாவில் ஆறிய மாவு டப்பாவுக்கு விற்பனை வரி இல்லை; அதே மாவை ஆவியில் வைத்துச் சூடான இட்லியாக விற்றால் வரி உண்டு. விற்பனையாளர் உரிமத்துக்குக் கட்டணம் இல்லை. வசூலித்த விற்பனை வரி உங்கள் பணமல்ல, தனிக் கணக்கில் வையுங்கள்.

2025 ஜூலை 12

ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டத்தால் பிப்ரவரி 9 குறிப்பில் ஒரு வரி செல்லாமல் போய்விட்டது. 20 விழுக்காட்டுக் கழிவு 2025 முடிவோடு காலாவதியாகவில்லை, நிரந்தரமாகிவிட்டது.

பணப்பரிமாற்றச் செயலிகள் உங்கள் வரவை ஐஆர்எஸுக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவத்தின் வரம்பும் பழையபடி 20,000 டாலர், 200 பரிமாற்றங்கள் என்று திரும்பிவிட்டது. இதைப் படித்துவிட்டு, படிவம் வராத வரவைக் காட்ட வேண்டியதில்லை என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு வாசலில் மாவு வாங்க வருபவர்கள் பாதிப்பேர் செல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகவே பணம் அனுப்புகிறார்கள். செல் எந்த 1099-கே படிவமும் அனுப்புவதில்லை. குளிர்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்ட நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, டப்பா எண்ணிக்கை, தொகை, பணமா செல்லா என்ற நான்கு பத்திகள். ஈரக்கையோடு எழுதுவதால் பக்கங்கள் ஊதிப்போயிருக்கின்றன. ஆனாலும் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

2025 செப்டம்பர் 7

பிப்ரவரியில் தனியாக எழுதுவதாகச் சொன்னதை இப்போதுதான் எழுத முடிகிறது.

முதல் சில ஆண்டுகள் எங்கள் வரிப்படிவத்தைத் தயாரித்தவர், எல்எல்சியின் முழு லாபத்தையும் என் கணவர் பெயரில் ஒரே ஷெட்யூல் சி இணைப்பில் எழுதினார். கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம். அது சோஷியல் செக்யூரிட்டி வரி விதிக்கும் உச்சவரம்பைத் தாண்டியிருந்ததால், தொழில் லாபத்துக்கு அந்த வரியின் 12.4 விழுக்காட்டுப் பங்கு விழவில்லை. "உங்களுக்கு லாபம்தானே" என்றார் படிவம் தயாரித்தவர். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மாவு அரைத்தவள் நான். தொழிலை நடத்தும் துணைவர் யாரோ அவருடைய வருமானமாகத்தான் சுயதொழில் வரிக்குக் கணக்கிட வேண்டும் என்பது பொதுச்சொத்து மாநிலங்களுக்கும் பொருந்தும் சட்டம். எங்களுக்கு அது அப்போது தெரியாது.

2022 அக்டோபரில் சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் என் கணக்கைத் திறந்தேன். 2018: 0. 2019: 0. 2020: 0. 2021: 0. ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் (வரி கட்டிய வருமானத்துக்கேற்பச் சேரும் புள்ளி) வேண்டும். நான்கு ஆண்டு உழைப்புக்கு என் பெயரில் ஒன்று கூட இல்லை. சுயதொழில் வருமானத்தைப் பதிவேட்டில் சேர்க்க, அந்த ஆண்டு முடிந்து மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதினைந்து நாள்தான் கெடு. 2018க்கு அது முடிந்து அரை ஆண்டு ஆகியிருந்தது. 2019, 2020, 2021க்கு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் தாக்கல் செய்து, வருமானத்தை என் பெயருக்கு மாற்றி, விடுபட்ட சுயதொழில் வரியை வட்டியோடு கட்டினோம். கணவர் ஒரு சொல் கூட மறுத்துச் சொல்லவில்லை.

2025இல் 1,810 டாலர் நிகர வருமானத்துக்கு ஒரு கிரெடிட், 7,240 டாலருக்கு நான்கு. ஆண்டுக்கு நான்குக்கு மேல் கிடையாது. கணவர் பெயரில் கணக்கெழுதும் தையல்கடை, சமையல், பாட்டு வகுப்பு, குழந்தைக் காப்பகம் என்று நடத்தும் சகோதரிகள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்களோ தெரியாது. இன்றே உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். 2022ஆம் ஆண்டு வருமானத்துக்கான கெடு 2026 ஏப்ரல் 15.

2025 செப்டம்பர் 14

சன்னிவேல் வாசகருக்கு: நாளை ஃபெடரல் முன்வரியின் (ஆண்டு முடியுமுன்னே தவணையாகக் கட்டும் வரி) மூன்றாம் தவணை. முந்தைய ஆண்டு வரியின் முழுத் தொகையை நான்காகப் பிரித்துக் கட்டிவந்தால் (வருமானம் 150,000 டாலருக்கு மேல் என்றால் 110 விழுக்காடு) இவ்வாண்டு எவ்வளவு ஈட்டினாலும் முன்வரி அபராதம் வராது. கலிபோர்னியாவுக்கு நாளை எதுவும் இல்லை. இங்கே தவணை ஏப்ரலில் 30, ஜூனில் 40, செப்டம்பரில் சுழியம், ஜனவரியில் 30 விழுக்காடு. ஜூனில் நீங்கள் 25 மட்டும் கட்டியதாக எழுதியிருந்தீர்கள். குறைந்த 15ஐ ஜனவரி வரை வைத்திருக்க வேண்டாம், நாளைக்கே அனுப்பிவிடுங்கள். தாமதம் எத்தனை நாளோ அத்தனை நாளுக்குத்தான் அபராதம்.

வயோமிங் எண்ணத்தைக் கைவிட்டு, இப்போதைக்கு எல்எல்சி இல்லாமல் தனி ஆளாகவே தொழிலைத் தொடர்ந்து, பொறுப்புக் காப்பீடு மட்டும் எடுத்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். உங்கள் வேலைக்கு அது பொருத்தமானது. என்றாவது ஆள் வைத்து வேலை வாங்கும் நிலை வந்தால், ஒரு ஜனவரி மாதத்தில், கலிபோர்னியாவிலேயே பதியுங்கள். பதிவுக் கட்டணம் 70 டாலர்.